சீனச் செவ்வியல் கவிதையில் போர்க்குணமும் கொடுஞ்சொல்லும்

சீன மொழியில் போரையும் வீரத்தையும் குறிக்கும் சொல் 'வூ'. அதன் வரிவடிவத்தில் இரண்டு உறுப்புகள் உள்ளன. ஒன்று நீண்ட காம்புடைய போர்க்கருவியைக் குறிப்பது. மற்றொன்று 'நிறுத்து' என்னும் பொருள் தருவது. கி.மு. 597இல் பீ என்னுமிடத்தில் வடபுல அரசொன்றின் படையைச் சூ நாட்டு மன்னன் ஜுவாங் வென்றான். பகைவர் பிணங்களைக் குவித்து வெற்றிமேடு எழுப்பலாம் என்று அவையில் ஒருவர் கூறியபோது, மன்னன் இவ்வெழுத்தைப் பிரித்துக் காட்டி, கருவியை நிறுத்துவதே வீரம் என்று கூறி மறுத்ததாக 'ஸுவோ ஜுவான்' என்னும் பழைய வரலாற்று நூல் தெரிவிக்கிறது.

இவ்விளக்கத்தை இன்றைய எழுத்தாய்வாளர் பலரும் ஏற்பதில்லை. 'நிறுத்து' என்று கொள்ளப்பட்ட உறுப்பு தொடக்கத்தில் காலடியின் படமாகவே இருந்தது. ஆகவே, கருவி ஏந்தி நடத்தல் என்பதே மூலப்பொருள் எனக் கருத இடமுண்டு. எனினும், பிழைபட்ட சொற்பிறப்பும் ஒரு சமூகத்தின் விழைவைக் காட்டும் சான்றாகும். போரை அடக்கிப் பேசவே கற்றவர் விரும்பினர். அவ்வாறாயின், சீனக் கவிதையில் காணும் குருதியும் எலும்பும் காக்கையும் எங்கிருந்து வந்தன என்னும் வினா எழுகிறது. அதற்கு இவ்வுரை தரும் விடை சுருக்கமானது: அக்கவிதையின் மிகக் கொடிய படிமங்கள் பெரும்பாலும் வென்றவர் வாயிலிருந்து பிறக்கவில்லை; தோற்றவரும், போரின் சுமையைத் தாங்கியவரும், களம் மறுக்கப்பட்டவருமே அவற்றைப் பாடினர்.

முதலில் 'ஷிஜிங்' தொகுப்பைக் காண்போம். 305 பாடல்கள் கொண்ட இத்தொகுப்பில் சௌ அரசர்களின் படையெடுப்பைப் போற்றும் பாடல்கள் உள்ளன. தேர், குதிரை, கொடி, படை அணிவகுப்பு ஆகியவை விரிவாக வருகின்றன. ஆனால் வெட்டும் குத்தும் நிகழும் களம் பெரும்பாலும் சொல்லப்படாமலே விடப்படுகிறது. படை புறப்படுகிறது, பின் திரும்புகிறது. வெற்றி பெற்ற அரசு, ஒழுங்கைப் பாடுவதே போதும் என எண்ணியது.

தென்புலச் சூ நாட்டின் 'ஒன்பது பாடல்க'ளில் நிலைமை மாறுகிறது. மரபு இவற்றைப் புலவர் ச்சியூ யுவான் பெயரால் வழங்குகிறது. இவற்றுள் நாட்டுக்காக மாண்டவர்க்குரிய பாடலில், தேர்ச்சக்கரங்கள் மண்ணில் புதைகின்றன. தெய்வங்களும் சினம் கொள்கின்றன. தலை துண்டிக்கப்பட்ட உடல்கள் வெட்டவெளியில் கிடக்கின்றன. ஆயினும், அவ்வீரர்கள் ஆவியுலகிலும் தலைவர்களாக விளங்குவார்கள் என்று பாடல் முடிகிறது. சூ நாடு கி.மு. 312இல் சின் நாட்டிடம் பெருந்தோல்வி கண்டது, கி.மு. 278இல் தலைநகரையே இழந்தது. இப்பாடலின் கொடுமை பகைவனை அச்சுறுத்துவதற்கன்று; புதைப்பாரின்றிக் கிடந்தவர்க்குக் கவிதையே ஈமக்கடன் ஆற்றுகிறது.

தாங் பேரரசு எட்டாம் நூற்றாண்டில் நடு ஆசியா வரை கை நீட்டியிருந்தது. அப்போது எல்லைப்புறக் கவிதை ஒரு தனி வகையாகவே வளர்ந்தது. அதில் வெற்றிப் பெருமிதம் இல்லாமல் இல்லை. மேற்கெல்லைப் படைத்தலைவர்களிடம் இருமுறை பணியாற்றிய சென் ஷென், அந்தப் பெருமிதத்தோடு பாடியவர். ஆனால், அவர் பாடல்களில் சீறுவது பெரும்பாலும் இயற்கை; காற்றும் பனியும் பாலைக் கற்களுமே அங்குப் போரிடுகின்றன. மனித உடலின் சிதைவு வெளிப்படும் இடங்களில் குரல் வேறாகிறது. ஹான் காலப் பழம்பாடல் ஒன்றில் மாண்ட வீரன் காக்கைகளிடம் பேசுகிறான். அதே தலைப்பில் லி பாய் பாடியபோதும் பறவைகள் பிணம் தின்னும் காட்சி, ஓயாத படையெடுப்புகளின் மீதான குற்றச்சாட்டாகவே அமைந்தது. காவ் ஷி 738இல் பாடிய பாடல், மடியும் வீரர்களையும் கூடாரத்தில் ஆடல் காணும் தளபதிகளையும் அருகருகே நிறுத்துகிறது. து ஃபுவின் போர்வண்டிப் பாடலில், கட்டாயமாகப் படைக்கு இழுக்கப்படும் உழவர்களின் குடும்பங்கள் அழுகின்றன. மேற்கே எடுப்பாரற்று எலும்புகள் வெளுத்துக் கிடக்கின்றன. 755இல் ஆன் லூஷானின் கலகம் வெடித்து, எல்லையில் இருந்த போர் தலைநகரின் வாயிலுக்கே வந்தது.

சோங் காலத்தில் இந்தப் போக்கு உச்சம் அடைகிறது. 1127இல் ஜின் படைகள் தலைநகரைக் கைப்பற்றி இரு பேரரசர்களைச் சிறைகொண்டு சென்றன. 1141 உடன்படிக்கையில் சோங் அரசு ஹுவாய் ஆற்றுக்கு வடக்கிலிருந்த நிலத்தை விட்டுக்கொடுத்து, ஆண்டுதோறும் 2,50,000 தேல் வெள்ளியும் 2,50,000 பட்டுச் சுருளும் செலுத்த இசைந்தது. போரைத் தொடர விரும்பிய தளபதி யுவே ஃபெய் 1142 தொடக்கத்தில் கொல்லப்பட்டார். அவர் பெயரால் வழங்கும் 'மான் ஜியாங் ஹோங்' மெட்டுப் பாடல், பகைவர் தசையை உணவாகவும் குருதியைப் பருகுநீராகவும் எண்ணும் படிமத்தைக் கொண்டது. சீனக் கவிதையில் இதைவிடக் கொடிய படிமத்தைக் காண்பது அரிது.

அப்பாடலின் ஒலியும் கருதத்தக்கது. அதன் ஒன்பது இயைபுச் சொற்களும் பழஞ்சீனத்தில் 'த்' என்னும் வல்லின மெய்யில் முடிந்தன. தமிழில் சொற்கள் அவ்வாறு முடிவதில்லை. குற்றியலுகரம் துணைக்கு வந்து ஒலியைத் தணித்துவிடும். மாண்டரின் மொழி இவ்விறுதி ஒலியை இழந்துவிட்டது. குருதியும் பனியும் திங்களும் அதில் நீண்டு ஓய்கின்றன. நம் அண்டை வீட்டார் பேசும் காண்டனீசில் அவை 'ஹ்யுத்', 'ஸ்யுத்', 'யுத்' என இன்றும் வெட்டி நிற்கின்றன. காண்டனீசில் அப்பாடலை ஓதக் கேட்போர், அதன் சீற்றம் பொருளில் மட்டும் இல்லை என்பதை உணர்வர்.

இப்பாடல் யுவே ஃபெய் இயற்றியதுதானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர் எழுத்துகளைத் தொகுத்த பேரன் யுவே கெ இதனைச் சேர்க்கவில்லை. ஹாங்ஜோவில் உள்ள அவர் கோயிலில் இது கல்லில் பொறிக்கப்பட்ட ஆண்டு 1502. அது மிங் பேரரசு மங்கோலியரின் தாக்குதலுக்கு அஞ்சியிருந்த காலம். பாடல் அக்காலத்ததே என்று கொண்டாலும் நம் கருத்து மாறுவதில்லை. காயமுற்ற மற்றொரு காலம் தன் சினத்தைப் பழைய வீரன் வாயிலாகப் பேசியது என்றே கொள்ள வேண்டும்.

களம் மறுக்கப்பட்டவர்க்கு ஷின் ச்சீஜியும் லு யோவும் எடுத்துக்காட்டுகள். இளமையில் ஏறத்தாழ ஐம்பது குதிரைவீரருடன் பகைவர் பாசறையில் புகுந்து துரோகி ஒருவனைப் பிடித்துவந்தவர் ஷின் ச்சீஜி. தென்னாட்டு அரசு அவருக்கு ஆட்சிப் பணிகளைத் தந்தது. நெடுங்காலம் பணியின்றியும் வைத்தது. லு யோவ் ஓராண்டிற்கும் குறைவாகவே எல்லையில் இருந்தார். ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட அவர் பாடல்களில் கவசக் குதிரைகள் முதுமைக் கனவிலும் ஓடிக்கொண்டிருந்தன.

இவற்றைப் படிக்கும் நமக்கு ஒரு பொறுப்பு உண்டு. இப்படிமங்கள் அண்டை இனத்தாரை இழித்துரைப்பதும் உண்மை. அதை மூடி மறைப்பது வாசிப்பு ஆகாது. ஆனால், கொடுஞ்சொல் எவர் வாயில், எந்த நிலையில் பிறந்தது என்று கேட்காமல், இது ஓர் இனத்தின் இயல்பு என முடிவு கட்டுவதும் வாசிப்பு ஆகாது. 'மான் ஜியாங் ஹோங்' இருபதாம் நூற்றாண்டில் ஜப்பானியப் படையெடுப்பை எதிர்த்தவர்களால் பரவலாகப் பாடப்பட்டது. நாட்டை இழந்தவன் பாடினால் அது புலம்பலின் மறுவடிவம். வலியவன் எளியவனை நோக்கிப் பாடினால் அதே சொற்கள் அச்சுறுத்தலாகிவிடும். ஓரெழுத்தும் மாறாமலே பொருள் மாறிவிடுகிறது. பல இனத்தார் ஒரே தெருவில் வாழும் நம் மண்ணில், பிறர் இலக்கியத்தின் சினத்தை அதன் காயத்தோடு சேர்த்துப் படிக்கப் பழகுவது நாம் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் மரியாதையாகும்.