புடாபெஸ்ட் வழியாக சிதம்பரம்!

கடலூர் துறைமுகம் ஜங்ஷனில் சிதம்பரம் ரயில் ஏறி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இளையராஜாவின் ‘திருவாசகம்’ ஆல்பத்திலிருந்து ‘பொல்லா வினையேன்’ போடுங்கள். செம்மங்குப்பத்தை ரயில் தாண்டிவிடும், பாட்டு முடிந்திருக்காது. சுமார் 20 நிமிஷம்!

2005 ஜூன் 30 அன்று சென்னை மியூசிக் அகாடமியில் வெளியாகும்வரை இந்த ஆல்பத்துக்காகக் காத்திருந்தவர்கள் ஏராளம். ஆர்வம் பாதி, பயம் பாதி. காரணம், இது ‘ஆரட்டோரியோ’. அதாவது வேஷம், நடிப்பு எதுவுமில்லாமல் வாத்தியக்குழுவும் பாடகர் கூட்டமும் சேர்ந்து நிகழ்த்துகிற பெரும் பக்திப் படைப்பு. 1742-ல் டப்ளினில் அரங்கேறிய ஹேண்டலின் ‘மெஸையா’ இந்த ரகம்தான்.

நம் வழக்கமோ வேறு. பஜனையில் நூறு பேர் பாடினாலும் மெட்டு ஒன்றுதான். ஒரே நேரத்தில் ஆளுக்கொரு ஸ்வரத்தில் பாடி, எல்லாம் கூடி ஒலிக்கிற சேர்ந்திசையைச் சென்னை இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எம்.பி.சீனிவாசன் 1970-களில் எவ்வளவோ பாடுபட்டார். ஆனாலும், நம் காது அதற்கு முழுசாகப் பழகவில்லை.

அந்தக் காதுக்குத்தான் ராஜா, புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வாசிக்கவைத்து மாணிக்கவாசகரைக் கொடுத்தார். ஆங்கில வரிகள், அமெரிக்கர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். இதென்ன கூத்து என்கிறீர்களா? 1900-லேயே, 80 வயதில், ஜி.யு.போப் திருவாசகத்தை முழுசாக ஆங்கிலத்தில் கொண்டுவந்துவிட்டாரே!

சரி, ரயில் சிதம்பரம் வந்துவிட்டது. திருவாசகத்துக்குப் பொருள் கேட்டபோது, ‘இவர்தான் பொருள்’ என்று நடராஜரைக் காட்டி மாணிக்கவாசகர் கலந்துவிட்டதாகச் சொல்லப்படும் ஊர். இங்கே என்ன நிலைமை? சிற்றம்பல மேடையேறி தேவாரம், திருவாசகம் பாட வேண்டுமென்று குமுடிமூலை சிவனடியார் ஆறுமுகசாமி வருஷக்கணக்கில் போராடினார். கடைசியில் அரசு உத்தரவு போட்டு, போலீஸ் பாதுகாப்போடு, 2008 மார்ச் 2-ம் தேதி அவர் பாடினார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். புடாபெஸ்ட் போய் வந்த திருவாசகத்துக்கு, சொந்த ஊர் மேடையேற அதற்குப் பிறகும் இரண்டரை வருஷத்துக்கு மேல் பிடித்திருக்கிறது!

எனக்கு ஒரு ஆசை. ஒரு மார்கழி விடியலில் வானொலி இந்த ஆரட்டோரியோவை முழுசாக ஒலிபரப்ப வேண்டும். அதை சிதம்பரம் கீழவீதி டீக்கடையில் நின்று கேட்க வேண்டும். புரியாவிட்டால் என்ன? இன்னொரு டீ சொல்லிவிட்டு இன்னொரு தடவை கேட்டால் போச்சு!