'சட்டப்படி' என்ற சொல்: தப்பியோடும் கைதியும் அரசு எழுதும் கதையும்

2024 ஜூலை 1ஆம் தேதி இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. காலனியத்தின் சுவடுகளைத் துடைக்கிறோம் என்றார்கள். காவலிலிருந்து தப்புவது குறித்த பிரிவு என்னவாயிற்று என்று ரெண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழைய 224 இப்போது 262. எண் மாறியிருக்கிறது, சாரம் அப்படியே இருக்கிறது. ஒரு குற்றத்துக்காகச் சட்டப்படி காவலில் வைக்கப்பட்டவர் தப்பினாலும் தப்ப முயன்றாலும் இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். முதல் குற்றத்துக்கான தண்டனை தனி, இது தனி.

இந்த வாசகத்தில் 'சட்டப்படி' என்ற சொல்லை நாம் போகிற போக்கில் படித்துவிடுகிறோம். ஆனால் குற்றம் முழுவதும் அந்தச் சொல்லில்தான் தொங்குகிறது. காவல் சட்டப்படியானதில்லை என்றால் தப்புவது குற்றமே இல்லை. அதாவது, ஓடியவனை விசாரிப்பதற்கு முன்பு பிடித்து வைத்தவரை விசாரிக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இந்த வரிசை எப்படித் தலைகீழானது என்பதுதான் இங்கே என் கேள்வி.

கொஞ்சம் பின்னால் போவோம். 1858 மார்ச் 10ஆம் தேதி ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் இருநூறு கைதிகளோடு அந்தமானில் இறங்கினார். எழுச்சியில் பிடிபட்டவர்கள். சுற்றிலும் கடலும் காடும். அப்படியும் சில வாரங்களிலேயே கூட்டங்கூட்டமாக ஓடினார்கள். பலர் காட்டில் மடிந்தார்கள், பசி தாங்காமல் சிலர் திரும்பினார்கள். பிடிபட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களை வாக்கர் தூக்கிலிட்டார். கல்கத்தா அரசாலேயே அதை ஏற்க முடியவில்லை. இரண்டே ஆண்டில், 1860இல், தண்டனைச் சட்டம் நிறைவேறியது. தூக்கு, இரண்டாண்டுச் சிறையாகச் சுருங்கியது. இதை நாகரிகத்தின் வளர்ச்சி என்று வாசிப்பதுதான் வழக்கம். அதே சட்டத்தின் 226ஆம் பிரிவைச் சேர்த்துப் படித்தால் அந்த வாசிப்பு நிற்காது. நாடு கடத்தப்பட்டவர் தண்டனைக் காலம் முடியும் முன் திரும்பி வந்தால் ஆயுள் முழுக்க நாடு கடத்தல், அதற்கு முன்பு மூன்றாண்டு வரை கடுங்காவல். ஊருக்குத் திரும்பி வருவது குற்றம்! 1955இல்தான் இந்தப் பிரிவு நீக்கப்பட்டது.

அடுத்து ஒரு ஓட்டை. 224 'ஒரு குற்றத்துக்காக' வைக்கப்பட்ட காவலைப் பற்றித்தான் பேசுகிறது. குற்றமே சாட்டாமல் பிடித்து வைத்தால்? 1818ஆம் ஆண்டின் வங்காள ஒழுங்குமுறைச் சட்டம் காலனி அரசுக்கு அந்த வசதியைத் தந்திருந்தது. 1870இலும் 1886இலும் செய்த திருத்தங்கள் வழியாக 225பி வந்து சேர்ந்தது: மற்ற பிரிவுகளுக்குள் வராத எந்தச் சட்டபூர்வக் காவலிலிருந்து தப்பினாலும் ஆறு மாதம் வரை சிறை. புதிய சட்டத்தில் அதுவே 265. குற்றம் இல்லாமல் காவல் இருக்கலாம், ஆனால் எந்தக் காவலை விட்டு ஓடினாலும் அது குற்றமாகிவிடும். 1942 நவம்பரில் தீபாவளி இரவில் ஹசாரிபாக் சிறைச் சுவரேறித் தோழர்களோடு தப்பிய ஜெயப்பிரகாஷ் நாராயணனை நாம் வீரராகக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்தச் சுவரை எழுப்பிய சொற்களையும் விடாமல் வைத்துக்கொண்டோம்.

எல்லா நாட்டிலும் இப்படித்தானா என்றால், இல்லை. ஜெர்மன் சட்டத்தில் கைதி வன்முறையின்றித் தனியாகத் தப்பிப்பது தண்டனைக்குரிய குற்றமில்லை. அவருக்கு உதவுவது குற்றம், கூட்டாகக் கலகம் செய்து வெளியேறுவது குற்றம். விடுதலையை நாடுவது மனித இயல்பு, இயல்பை எப்படித் தண்டிப்பது என்பது அதன் தர்க்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1919 ஜனவரி 15ஆம் தேதி இரவு, அதே ஜெர்மனியின் தலைநகர் பெர்லினில், படையினர் கார்ல் லீப்னெக்டைக் காரில் ஏற்றிப் பூங்காப் பக்கம் கொண்டுபோனார்கள். கார் பழுதாகிவிட்டது, இறங்கியவர் ஓடப் பார்த்தார், சுட்டோம் என்றது அதிகாரபூர்வ அறிக்கை. மார்ச் மாதம் லியோ ஜோகிஷெஸ் சிறைக்குள்ளேயே சுடப்பட்டபோதும் அதே காரணம். லீப்னெக்டையும் ரோசா லக்சம்பர்க்கையும் கொல்ல ஆணையிட்டது தான்தான் என்று வால்டெமர் பாப்ஸ்ட் என்ற அதிகாரி 1962இல் கூச்சமில்லாமல் சொன்னார். தப்புவது குற்றமில்லாத நாட்டில், தப்ப முயன்றதாகச் சொல்வதே கொலைக்குப் போதுமானதாக இருந்தது.

ஆக, தப்பித்தல் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. கைதி உயிரோடு ஓடிப் பிடிபட்டால் அது வழக்கு. நீதிமன்றத்தில் காவல் சட்டப்படியானதென்று அரசு நிரூபிக்கவேண்டும். எஸ்கார்ட் போன காவலர் மீதும் அலட்சியத்துக்காகப் பழைய 223, புதிய 261 பாயலாம். "ஆளு ஓடிட்டா நம்ம வேலை போயிடும்" என்ற பயம் அங்கே உண்மையானது. கைதி இறந்துபோனால் அது கதை. எழுதுகிறவர் ஒருவர்தான், மறுக்கவேண்டியவர் பிணவறையில் இருக்கிறார்.

2019 டிசம்பர் 6ஆம் தேதி விடியற்காலையில், ஐதராபாத் அருகே கால்நடை மருத்துவர் ஒருவரைப் பாலியல் வன்முறைக்குள்ளாக்கிக் கொன்ற வழக்கில் பிடிபட்ட நால்வர் சுடப்பட்டார்கள். துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டார்கள், தப்ப முயன்றார்கள் என்றது காவல்துறை. மக்கள் போலீஸ்காரர்கள் மீது பூத் தூவினார்கள். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை கண்டு எழுந்த கோபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022இல் வெளியானபோது, கொல்லும் நோக்கத்தோடே சுட்டிருக்கிறார்கள் என்றும் பத்துக் காவலர்களைக் கொலைக்காக விசாரிக்கவேண்டும் என்றும் சொன்னது. பூத் தூவிய கைகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா? 2020 ஜூலையில் கான்பூர் அருகே விகாஸ் துபேயை ஏற்றிவந்த வண்டி கவிழ்ந்தது. பெர்லினில் பழுது, இங்கே கவிழ்ப்பு. காவல்துறையின் கூற்றை மறுத்துச் சாட்சி சொல்ல யாரும் வரவில்லை என்றது அதை விசாரித்த ஆணையம். எப்படி வருவார்கள்?

சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு தெளிவாகவே இருந்தது: மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவரைக் கைது செய்யும்போது உயிரைப் பறிக்க இப்பிரிவு உரிமை தராது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 43ஆம் பிரிவிலும் அது இருக்கிறது. பெரிய குற்றம் சாட்டப்பட்டவர் என்பதாலேயே கொல்லலாம் என்று இதற்குப் பொருளில்லை. வெறுமனே தப்பியதற்கு அதிகபட்சத் தண்டனை இரண்டாண்டு. அந்த இரண்டாண்டுக் குற்றத்தைச் சொல்லித்தான் மரணம் நியாயப்படுத்தப்படுகிறது. அதே 43ஆம் பிரிவில் புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. விலங்கிடுவது மனிதத்தன்மையற்றது, தப்புவார் என்பதற்குத் தெளிவான காரணம் இருந்து அதைப் பதிவு செய்தாலொழியக் கூடாது என்று 1980இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். இப்போது, முன்பு காவலிலிருந்து தப்பியவர் என்பது விலங்கிட அனுமதிக்கும் பட்டியலிலேயே இடம்பெற்றுவிட்டது. ஒருமுறை ஓடியவர் என்பது ஒருவரின் நிரந்தர அடையாளமாகிறது.

காவலே கொல்லும்போது தப்புவதை என்னவென்பது? 1983 ஜூலை 25, 27 தேதிகளில் கொழும்பு வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். பூட்டிய கதவுகளுக்குள், அரசின் பொறுப்பில் இருந்தவர்கள். பிழைத்தவர்களை மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றினார்கள். செப்டம்பர் 23ஆம் தேதி அந்தச் சிறை உடைந்தது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டமும் இந்தியச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டதுதான். ஏட்டின்படி அவர்கள் குற்றவாளிகள். ஆனால் உயிரைக் காக்கத் தவறிய காவலுக்குச் 'சட்டப்படி' என்ற தகுதி மிச்சமிருக்கிறதா? பிடித்த நாளில் இருந்தால் போதும், அப்புறம் என்ன நடந்தாலும் அந்தத் தகுதி கெடாது என்றுதான் நீதிமன்றங்களில் பழகியிருக்கிறோம். காவல் நீடிக்கும் ஒவ்வொரு நாளும் அதைத் திரும்பத் திரும்ப நிரூபிக்கவேண்டும் என்பது என் வாதம்.

எனவே 'தப்பியோட முயன்றபோது' என்று செய்தி வரும் ஒவ்வொரு முறையும், ஓடினானா இல்லையா என்ற விவாதத்துக்குள் உடனே இழுபடாமல், அதற்கு முந்தைய கேள்விகளை நாம் கேட்கவேண்டும். எப்போது பிடித்தீர்கள்? உறவினருக்குச் சொன்னீர்களா? இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தினீர்களா? அந்த நேரத்தில், அந்த இடத்துக்கு ஏன் கொண்டுபோனீர்கள்? இதற்கெல்லாம் காகிதத்தில் பதில் இருந்தாகவேண்டும். பதில் வரும்வரை அந்தச் செய்தியில் தப்ப முயன்றது யார் என்பதைத் தீர்மானிக்க முடியாது.