டாங்கோ பாடல்

அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸ், உருகுவேயின் மான்டெவிடியோ என்னும் துறைமுக நகரங்களில் பிறந்த இசைவகை. டாங்கோ என்றதும் நமக்குக் கண்ணில் வருவது நடனம். அந்த ஊர்க்காரர்கள் நெஞ்சில் வைத்திருப்பது பாட்டை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் கன்டோம்பே, கியூபாவிலிருந்து வந்த ஹபனேரா, புல்வெளிப் பாடகர்களின் மிலோங்கா மூன்றும் கலந்து டாங்கோ உருவானது. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆட்கள் வந்திறங்கிய காலம் அது. 1914 கணக்கெடுப்பின்போது புவனோஸ் அயர்ஸில் வசித்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். தனியாக வந்த ஆண்கள், வாடகை அறை, திரும்பிப் போக வழியில்லாத ஊர். பின்னாளைய பாட்டுகளின் ஏக்கத்துக்கு ஊற்று இங்கேதான் இருக்கிறது. தொடக்ககாலப் பாட்டுகளிலோ வம்பும் சவடாலுமே அதிகம்.

சாமுவேல் காஸ்த்ரியோத்தாவின் மெட்டுக்குப் பாஸ்குவால் கொன்துர்சி எழுதிய ‘மி நோச்சே திரிஸ்தே’வை (என் சோக இரவு) 1917இல் கார்லோஸ் கார்தெல் பாடியதும் எல்லாம் மாறியது. காதலி போய்விட்டாள், அவன் அறையில் இருக்கிறான். அலமாரியில் கிதார் தொங்குகிறது, எடுத்து மீட்ட ஆளில்லை. விளக்குக்குக்கூட ஒளிதர மனமில்லை. நம் பாலைத்திணையில் பிரிந்து போகிறவன் தலைவன், வீட்டில் இருந்து வாடுகிறவள் தலைவி. இங்கே அவள் போய்விட, அவன் வாய்விட்டு அழுகிறான். இதைக் காதல் பாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காதல் முடிந்தபின் வீட்டில் எஞ்சிய சாமான்களைப் பார்த்துப் பாடுவது இது. பெண்களும் இந்தத் துயரைத் தமதாக்கிக்கொண்டார்கள். அசுசேனா மைசானி ஆணுடை தரித்து மேடையேறிப் பாடியதுண்டு.

எவ்வளவு துக்கமானாலும் தாளம் இளகாது. வழக்கமான குழுவில் தோற்கருவி கிடையாது. பியானோவும் டபுள் பாஸும் காலடி வைப்பதுபோல் அழுத்திக்கொண்டே போகும்; பாடகர் பேசுவதுபோலச் சொற்களை இழுத்தும் நெருக்கியும் சற்றுப் பின்தங்கி வந்து, அடி முடிகிற இடத்தில் பிடித்துவிடுவார். அந்த இழுபறியில்தான் ஏக்கம் கேட்கிறது.

டாங்கோவின் உயிர்க்கருவி பாந்தோனியோன். ஹைன்ரிக் பான்ட் என்பவரின் பெயரால் ஜெர்மனியில் பரவிய துருத்திப் பெட்டி இது. நம் ஆர்மோனியத்துக்கு உறவு, இரண்டிலும் காற்றுபட்டு ரீடு அதிர்கிறது. தொடைமேல் வைத்து இரு கையாலும் விரித்துச் சுருக்கி வாசிப்பார்கள். ஒரே பொத்தான் விரிக்கும்போது ஒரு சுரம் தரும், சுருக்கும்போது வேறொன்று. ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை விலக்கி வைத்தது. அதே காலத்தில் புவனோஸ் அயர்ஸ் பாந்தோனியோனைத் தன் குரலாகவே எண்ணிக்கொண்டிருந்தது.

அங்கே வேறொன்று விலக்கப்பட்டது. 1943க்குப் பிறகு சில ஆண்டுகள் ராணுவ ஆட்சி வானொலியில் லுன்பார்தோ என்னும் தெருமொழிக்குத் தடை போட, பல பாட்டுகளின் சொற்களை மாற்றிப் பாடவேண்டி வந்தது.

1948இல் ஹோமேரோ மான்சி எழுதி அனிபால் த்ரோய்லோ இசையமைத்த ‘சூர்’ (தெற்கு) இவ்வகையின் சிகரம் என்பது என் துணிபு. கொல்லன் பட்டறை மூலை, சேறு, பழைய பேட்டை. இழந்த பெண்ணும் மாறிப்போன தெருவும் அதில் ஒன்றாகிவிடுகின்றன. தில்லி லக்ஷ்மிபாய் நகரின் அரசுக் குடியிருப்பில் வளர்ந்து, அப்பா ஓய்வுபெற்றதும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன தமிழ்ப் பிள்ளைகள், பிறகொருநாள் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிப் பக்கம் வந்து நின்றால் தொண்டையில் அடைப்பதும் இதுதான்.

2009இல் யுனெஸ்கோ டாங்கோவை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. ஊர்க்காரர்கள் செய்யும் மரியாதை வேறு. ‘மி நோச்சே திரிஸ்தே’ பாடிய கார்தெல் 1935 ஜூன் 24 அன்று கொலம்பியாவின் மெதெயின் நகரில் விமான விபத்தில் இறந்தார். புவனோஸ் அயர்ஸின் சக்கரீத்தா இடுகாட்டில் அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் சிகரெட் பற்றவைத்து அதன் விரலிடுக்கில் செருகிவிட்டுப் போகிறார்கள்.