கோவேறு கழுதைகள் நடந்த பாதை

வாஷிங்டனில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற நம்மவர்கள் வெள்ளை மாளிகை, லிங்கன் நினைவகம் என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஜார்ஜ்டவுன் கடைத்தெருவிலிருந்து ஆற்றுப் பக்கமாகக் கொஞ்சம் இறங்கினால் ஒரு பழைய கால்வாய் கிடக்கிறது. பெயர் செசபீக் - ஒஹாயோ கால்வாய். அது ஒஹாயோ ஆற்றைத் தொடவே இல்லை என்பதுதான் வேடிக்கை!

1828 ஜூலை 4 அன்று அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் மண்வெட்டி எடுத்துத் தொடங்கிவைத்தார். வெட்டிய இடத்தில் வேர் குறுக்கிட, கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி வெட்டினாராம். கூட்டம் கைதட்டியது. அதே நாளில் பக்கத்து பால்டிமோரில் ஒரு ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். கால்வாயின் தலையெழுத்து அன்றே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

பொட்டோமாக் ஆற்றில் பாறையும் அருவியும் அதிகம், படகு போகாது. எனவே ஆற்றோரமாகவே தனியாகக் கால்வாய் வெட்டினார்கள். கம்பர்லாந்து ஊர் வாஷிங்டனைவிட 605 அடி உயரம். படகை ஏற்றி இறக்க 74 இடங்களில் 'லாக்' கட்டினார்கள். கல்லால் கட்டிய நீண்ட தொட்டி, இரு முனையிலும் மரக்கதவு. படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி நீரை நிரப்பினால் படகு தானாக மேலே வரும். அவ்வளவுதான், இயந்திரமே கிடையாது.

வெட்டியவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். 1832-இல் காலரா அவர்களை வாரிக்கொண்டு போனது. 1834-இல் வேலைக்காக அவர்களுக்குள்ளேயே இரு கோஷ்டியாக அடித்துக்கொள்ள, அதிபர் ஜாக்சன் ராணுவத்தையே அனுப்பினார். பாபா சுரங்கத்தைக் குடைய மட்டும் 14 வருஷம் ஆயிற்று. நீளம் 3,118 அடிதான். ஊர்விட்டு ஊர் வந்து உழைக்கும் நமக்கு இந்தப் பகுதியைச் சட்டென்று தாண்டிப் போக மனம் வராது.

1850-இல் கால்வாய் கம்பர்லாந்தை எட்டியபோது, ரயில் அங்கே வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. இருந்தும் நிலக்கரிப் படகுகள் பல்லாண்டு ஓடின. கரையில் 12 அடி அகலப் பாதை. கோவேறு கழுதைகள் கயிறு கட்டிப் படகை இழுக்கும். பல படகோட்டிகள் குடும்பத்தோடு படகிலேயே குடியிருந்தார்கள். கழுதை ஓட்டுவது பிள்ளைகள் பாடு. 1889 வெள்ளத்தில் கம்பெனி திவாலாகி, நிர்வாகம் அந்த ரயில்காரர்கள் கைக்கே போயிற்று. 1924 வெள்ளத்தோடு படகுகள் நின்றன. 1938-இல் மத்திய அரசு 20 லட்சம் டாலருக்கு வாங்கியது.

பிறகு கால்வாய் வழியே கார் போகச் சாலை போடத் திட்டம் வந்தது. 1954 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸுக்குப் பொறுக்கவில்லை. 'என்னோடு நடந்து பாருங்கள், அப்புறம் எழுதுங்கள்' என்ற பொருளில் பத்திரிகைக்குக் கடிதம் போட்டார். ஆசிரியர்களும் சளைக்காமல் வந்தார்கள்! மார்ச் 20-ஆம் தேதி கம்பர்லாந்தில் கிளம்பி எட்டு நாள் நடை. 184.5 மைல் என்றால் கிட்டத்தட்ட 297 கிலோமீட்டர். முழுத் தூரமும் நடந்து முடித்தவர்கள் ஒன்பதே பேர். பத்திரிகை தன் கருத்தை மாற்றிக்கொண்டது. என்றாலும், ஒரு நடையில் எல்லாம் நடந்துவிடவில்லை. தேசிய வரலாற்றுப் பூங்காவாக்கும் சட்டத்தில் நிக்ஸன் கையெழுத்திட 1971 ஆயிற்று. 1977-இல் பூங்காவை டக்ளஸுக்கே அர்ப்பணித்தார்கள். அப்போது அவர் உயிரோடு இருந்தார்.

இப்போது அந்தக் கழுதைப் பாதையில் ஜனங்கள் நடக்கிறார்கள், சைக்கிள் விடுகிறார்கள். கம்பர்லாந்தோடு முடிந்த பாதை 2013-இலிருந்து வேறொரு சைக்கிள் பாதையோடு சேர்ந்து பிட்ஸ்பர்க் வரை போகிறது. ஒஹாயோ ஆறு தொடங்குவது அங்கேதான். அந்த மிச்சத் தூரத்துக்குப் பாதை கிடைத்தது எப்படி என்கிறீர்கள்? கைவிடப்பட்ட ரயில் தடங்களின் மேலேதான்.