வீண் எச்சரிக்கையைக் குறைத்த கதை

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

உங்களில் பாதிப் பேர் இன்று மென்பொருள் வேலையில் இருக்கிறீர்கள். கம்பைலர் எச்சரிக்கை கொடுப்பதும், அதைப் படிக்காமலே நீங்கள் கடந்து போவதும் பழகிப்போன விஷயம். அந்த எச்சரிக்கைகளுக்குப் பின்னால் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் ஒரே ஒரு எச்சரிக்கையை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். கணினிப் பக்கமே போகாத உறவினர்களுக்கும் புரியும் என்று நம்புகிறேன்.

முதலில் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டுக்கு ஒருவர் வழி கேட்கிறார். "அந்தத் தெருவில் பந்தல் போட்ட வீடு" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். அன்றைக்கு அது சரியான அடையாளம். மறுநாள் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். அடுத்த வாரம் அதே அடையாளத்தை நம்பி இன்னொருவர் வந்தால் என்ன ஆகும்? பந்தலைக் காணாமல் தெருவில் திகைத்து நிற்பார். இல்லாவிட்டால் வேறு ஏதோ பந்தலைப் பார்த்து, மொய்க்கவரும் கையுமாக ஒரு துக்க வீட்டுக்குள் நுழைந்துவிடுவார். இரண்டாவதுதான் பெரிய ஆபத்து.

சி பிளஸ் பிளஸ் மொழியில் 'ரெஃபரன்ஸ்' என்று ஒன்று உண்டு. நினைவகத்தில் இருக்கும் ஒரு பொருளுக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். கணக்குப் போகிற போக்கில் உருவாகி, அந்த வரி முடிந்ததும் அழிந்துபோகும் தற்காலிகப் பொருள்களும் அங்கே உண்டு. அவைதான் பந்தல். பொருள் அழிந்த பிறகும் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தால், அது 'டேங்லிங் ரெஃபரன்ஸ்'. பிடிப்பில்லாமல் தொங்கும் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் வேறு தகவல் வந்து உட்கார்ந்திருக்கலாம். நிரல் அங்கேயே நின்றுபோனால் நல்லது, தப்பு தெரிந்துவிடும். நிற்காமல், யாருடைய தகவலையோ எடுத்துக்கொண்டு மேலே போனால்தான் கேடு.

சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். கூகுளின் குரோமியம் குழு 2020-ல் தன் மென்பொருளில் வந்த கடுமையான பாதுகாப்புப் பிழைகளைக் கணக்கெடுத்து வெளியிட்டது. சுமார் 70 விழுக்காடு, நினைவகத்தைத் தவறாகக் கையாண்டதால் வந்தவை. அவற்றில் பாதி, அழிந்த பொருளை மறுபடியும் தொட்டதால் வந்தவை.

இனி வரலாறு.

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கினார். எழுதுகிறவனை நம்பு என்பதுதான் அந்த மொழியின் குணம். கம்பைலர் அதிகம் கேள்வி கேட்காது. அதே ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் 'லின்ட்' என்ற தனிக் கருவியை எழுதினார். 1978-ல் அதைப் பற்றிய அறிக்கை வந்தது. லின்ட் என்றால் துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் துகள். கம்பைலர் கண்டுகொள்ளாத சின்னச் சின்ன அழுக்கை எடுத்துக் காட்டுவது அதன் வேலை.

அந்த முதல் கருவியிலேயே ஒரு வசதி இருந்தது. "இந்த இடத்துக்கு நிரல் வரவே வராது", "இந்த உள்ளீட்டைப் பயன்படுத்தாமல் விட்டது வேண்டுமென்றேதான்" என்று குறிப்பு எழுதி வைத்தால் லின்ட் அங்கே வாயை மூடிக்கொள்ளும். அதாவது, வீண் எச்சரிக்கை வரத்தான் செய்யும் என்பது ஆரம்பத்திலேயே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஏன் வரத்தான் செய்யும்? இங்கே கணக்கு ஆசிரியன் கொஞ்சம் குறுக்கிடுகிறேன். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நிற்குமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று சொல்லிவிடும் பொதுவான வழிமுறை இருக்க முடியாது என்று 1936-ல் ஆலன் டூரிங் நிறுவினார். 1953-ல் ஹென்றி கார்டன் ரைஸ் அதை விரிவாக்கினார். ஒரு நிரல் ஓடும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றிய சுவையான கேள்வி எதற்குமே, எல்லா நிரலுக்கும் தப்பில்லாமல் விடை சொல்லும் வழிமுறை கிடையாது. ஆகவே எச்சரிக்கை கொடுக்கும் கருவி ஒன்று சில தப்புகளைக் கோட்டை விட வேண்டும், இல்லையேல் சில நல்ல வரிகளைக் குற்றம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இரண்டையும் செய்யும். எது எவ்வளவு என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

அடுத்து சி பிளஸ் பிளஸ். பியார்னே ஸ்ட்ரவ்ஸ்ட்ரப் 1979-ல் தொடங்கிய வேலை அது. 1985-ல் வணிக வெளியீடு, 1998-ல் முதல் சர்வதேசத் தரநிலை. அந்தத் தரநிலை ஒரு சலுகை கொடுத்தது. தற்காலிகப் பொருளுக்கு நேரடியாக, மாற்ற முடியாத ரெஃபரன்ஸாகப் பெயர் வைத்தால், பெயர் இருக்கும்வரை பொருளும் இருக்கும். நடுவில் ஒரு ஃபங்ஷன் புகுந்து பெயரைக் கைமாற்றினால் சலுகை கிடையாது. இந்த இடுக்கில்தான் ஆட்கள் காலை விடுகிறார்கள்.

எளிய உதாரணம்: 'மேக்ஸ்' என்ற ஃபங்ஷன், இரண்டு மதிப்புகளில் பெரியதைத் திருப்பித் தரும். நகலைத் தராது, ரெஃபரன்ஸாகத் தரும். n-லிருந்து ஒன்றைக் கழித்தது ஒன்று, n-உடன் ஒன்றைக் கூட்டியது ஒன்று என இரண்டையும் அதற்குக் கொடுத்து, வரும் விடையை ஒரு ரெஃபரன்ஸில் பிடித்து வைக்கிறீர்கள். இரண்டுமே தற்காலிகம். வரி முடிந்ததும் இரண்டும் போய்விடும். உங்கள் கையில் இருப்பது பிரித்துப் போட்ட பந்தலின் அடையாளம்.

இதைப் பிடிக்கத்தான் ஜிசிசி கம்பைலரின் 13-ஆம் பதிப்பில் ஒரு புதிய எச்சரிக்கையைச் சேர்த்தார்கள். 2023 ஏப்ரலில் அது வெளிவந்தது. அதன் யோசனை இப்படி: ஒரு ஃபங்ஷன் ரெஃபரன்ஸைத் திருப்பித் தருகிறது, அதற்குக் கொடுத்தவற்றில் ஒன்றாவது தற்காலிகப் பொருள், திரும்பி வந்ததை ஒரு ரெஃபரன்ஸில் பிடித்து வைக்கிறோம். இந்த மூன்றும் சேர்ந்தால், கொடுத்ததையே அந்த ஃபங்ஷன் திருப்பித் தந்திருக்கும் என்று கம்பைலர் ஊகித்துக்கொள்ளும். 'மேக்ஸ்' விஷயத்தில் ஊகம் சரி.

எல்லா இடத்திலும் சரியா? பள்ளி அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு துண்டுச் சீட்டில் மாணவர் பெயரை எழுதிக் கொடுக்கிறீர்கள். எழுத்தர் பதிவேட்டைத் திறந்து அந்த மாணவருக்குரிய பக்கத்தைக் காட்டுகிறார். சீட்டைக் கிழித்துப் போட்டாலும் பதிவேடு பீரோவில் பத்திரமாக இருக்கும். பெயரைக் கொடுத்தால் பதிவைக் காட்டும் ஃபங்ஷன்கள் நிரல்களில் ஏராளம். கம்பைலர் பார்ப்பது சீட்டு உள்ளே போனதையும் ஒரு ரெஃபரன்ஸ் வெளியே வந்ததையும் மட்டும்தான். "சீட்டு கிழிந்துவிட்டது, உன் கையில் இருப்பது செல்லாது" என்று கத்துகிறது. செல்லும். இதுதான் வீண் எச்சரிக்கை.

எழுத்தர் என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். ஃபங்ஷனின் உடல் அதே கோப்பில் கண்ணில் பட்டால் ஓரளவு பார்க்கலாம். பல நேரம் அது வேறு கோப்பில் இருக்கும். கம்பைலர் கையில் இருப்பது வெளி அறிவிப்பு மட்டும்.

பெரிய திட்டங்களில் இந்த வீண் கூச்சல் அதிகமாக இருந்தது. பல இடங்களில் எச்சரிக்கையையே பிழையாக எண்ணி நிரலை நிறுத்திவிடும் ஏற்பாடு உண்டு. அங்கே ஒரு வீண் எச்சரிக்கை வந்தாலும் வேலை நின்றுபோகும். ஆகவே 2024 மே மாதம் வந்த 14-ஆம் பதிப்பில் மூன்று திருத்தங்கள் செய்தார்கள்.

முதலாவது, 'ஸ்பேன்' போன்ற பொருள்களை விட்டுவிட்டார்கள். தன்னிடம் சரக்கு எதுவும் இல்லாமல், வேறு எங்கோ இருக்கும் சரக்கைச் சுட்டிக்காட்டும் பொருள் அது. நூலக அட்டவணையில் உள்ள அட்டை கிழிந்தால் புத்தகம் எரிந்துபோவதில்லை அல்லவா, அதுபோல. இரண்டாவது, ஃபங்ஷனை எழுதியவரே "இது கொடுத்ததைத் திருப்பித் தராது, பயப்படாதே" என்று அறிவிக்க 'நோ டேங்லிங்' என்ற குறிச்சொல்லைக் கொடுத்தார்கள். லின்ட் காலத்துக் குறிப்பின் பேரப்பிள்ளை என்று இதைச் சொல்லலாம். மூன்றாவது, இவ்வளவு செய்தும் வீண் எச்சரிக்கை மிஞ்சியதால், எல்லோரும் வழக்கமாகப் போடும் 'ஆல்' தொகுப்பிலிருந்து எடுத்து, விரும்புகிறவர்கள் போட்டுக்கொள்ளும் 'எக்ஸ்ட்ரா' தொகுப்புக்கு மாற்றினார்கள்.

மூன்றாவதைப் படித்ததும் இது தோல்விதானே என்று சிலருக்குத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. விடைத்தாள் திருத்தியவனுக்கு இது புரியும். சரியான கணக்குக்கும் சிவப்பு மையில் சுழி போட்டுக்கொண்டே போனால், நாலாவது பக்கத்தில் உண்மையான தப்புக்குப் போட்ட சுழியையும் பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள். சிவப்பு மைக்கு மரியாதை இருக்க வேண்டுமென்றால் அதைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும்.

அளந்து பார்த்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். நிரல்களில் பிழை தேடும் கோவெரிட்டி கருவியை உருவாக்கியவர்கள் 2010-ல் தங்கள் அனுபவத்தைக் கட்டுரையாக எழுதினார்கள். வீண் எச்சரிக்கை 30 விழுக்காட்டைத் தாண்டினால் ஆட்கள் கருவியையே ஒதுக்கிவிடுகிறார்கள் என்றார்கள். அதைவிட முக்கியமாக இன்னொன்றும் சொன்னார்கள். நம்பிக்கை போன பிறகு, புரிவதற்குக் கடினமான உண்மைப் பிழையையும் வீண் என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். அதனால் நம்பிக்கை இன்னும் குறைகிறது. "புலி வருது, புலி வருது" கதைதான். 2018-ல் கூகுள் பொறியாளர்கள் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போனது. எச்சரிக்கையைப் பார்த்த பிறகும் நிரலர் எதையும் திருத்தவில்லை என்றால், கருவி சொன்னது உண்மையாகவே இருந்தாலும் அதை வீண் எச்சரிக்கையாகத்தான் எண்ண வேண்டும், அது 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றார்கள்.

எச்சரிக்கையைப் புரியாமல் வாயடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. இது வேறு வகைக் கருவி, வேறு வகை எச்சரிக்கை, பாடம் ஒன்றுதான். ரகசியச் சாவிகளை உருவாக்கும் ஓப்பன் எஸ்எஸ்எல் நிரலில், மதிப்பு நிரப்பாத நினைவகத்தைப் படிப்பதாக வால்கிரைண்ட், பியூரிஃபை என்ற சோதனைக் கருவிகள் புகார் சொல்லின. 2006-ல் டெபியன் லினக்ஸில் அந்தப் புகாரை நிறுத்த, இரண்டு இடங்களில் ஒரே மாதிரி இருந்த ஒரு வரியை நீக்கினார்கள். ஓர் இடத்தில் நீக்கியதால் கேடில்லை. மற்ற இடத்தில் இருந்த வரிதான் சாவிக்கு வேண்டிய தற்செயல்தன்மையை உள்ளே கலந்துகொண்டிருந்தது. அது போனதும் மிஞ்சியது, ஓடும் நிரலுக்குக் கணினி கொடுக்கும் வரிசை எண் மட்டும். அது 32,768-க்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு வகைச் சாவியிலும் அத்தனைதான் சாத்தியம் என்றால், எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு பூட்டைத் திறந்துவிடலாம். 2008 மே மாதம்தான் இது வெளியே வந்தது. டெபியனிலும் அதிலிருந்து பிறந்த உபுண்டுவிலும் அதுவரை உருவாக்கிய சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று.

இந்தப் பிரச்சினைக்கு வேறு வழிகளும் பிறந்தன. 2015-ல் 1.0 பதிப்பு கண்ட ரஸ்ட் மொழி, எச்சரிக்கை என்ற பேச்சுக்கே இடம் தரவில்லை. பெயர் பொருளைவிட அதிக நாள் வாழ்ந்துவிடலாம் என்று சந்தேகம் வந்தால் நிரலை ஏற்கவே மறுத்துவிடும். அந்தக் கண்டிப்பான வாத்தியாரும் நல்ல நிரல்களைத் தேவையில்லாமல் திருப்பி அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். 2018 டிசம்பரில் வந்த திருத்தம், ஒரு பெயரைக் கடைசியாக எங்கே பயன்படுத்துகிறோம் என்பதுவரை மட்டும் பார்க்கும்படி விதியை நுணுக்கமாக்கியது. சி பிளஸ் பிளஸும் தன் 2023 தரநிலையில், 'ஃபார்' சுற்றின் ஒரு வடிவத்தில் தற்காலிகப் பொருள்களின் ஆயுளைச் சுற்று முடியும்வரை நீட்டித்தது. அங்கே பந்தலைப் பிரிக்கும் நாளையே தள்ளிவைத்துவிட்டார்கள்.

ஐம்பது ஆண்டுக் கதையில் எனக்குத் தெரிவது இதுதான். எச்சரிக்கையைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அதை ஆட்கள் நம்பும்படி காப்பாற்றுவது மீதிப் பாதி. வீண் எச்சரிக்கையைக் குறைக்க உழைத்தவர்கள் காவலைத் தளர்த்தவில்லை. காவல்காரனின் சொல்லுக்கு மதிப்பு சேர்த்தார்கள்.

மென்பொருளில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். எச்சரிக்கை வீண் என்று தோன்றினால், பொருள் எங்கே பிறக்கிறது, எந்த வரியில் அழிகிறது என்று ஒரு முறை விரலை வைத்துப் பாருங்கள். வீண்தான் என்று தெரிந்தால் அந்த ஓர் இடத்தில் மட்டும் நிறுத்தி, காரணத்தைப் பக்கத்திலேயே ஒரு வரி எழுதி வையுங்கள். மொத்தமாக அணைத்துவிடாதீர்கள். உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர் அந்த ஒரு வரியைப் படித்துத்தான் முடிவெடுப்பார்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். மற்ற பிள்ளைகளும் படித்துப் பயன்பெறட்டும்.

வாழ்க வளமுடன்.