முதியோர் உதவித்தொகை: யாருக்கு உண்டு, எப்படிக் கோருவது, மறுத்தால் என்ன செய்வது

வயலிலும் செங்கல் சூளையிலும் துப்புரவுப் பணியிலும் உழைத்து ஓய்ந்த தலித் முதியோரில் பெரும்பாலானோருக்கு வருங்கால வைப்பு நிதி கிடையாது. பணி ஓய்வூதியமும் கிடையாது. அவர்களது உழைப்பை எந்தப் பதிவேட்டிலும் எவரும் எழுதி வைக்கவில்லை. விற்றுச் சாப்பிட நிலமும் இல்லை. ஆகவே, ஊரில் 'ஓஏபி பணம்' என்று சொல்லப்படும் முதியோர் உதவித்தொகையே பலருக்கு மாதந்தோறும் வரும் ஒரே பண வருமானமாக உள்ளது. அதைப் பெறும் வழியையும், அது மறுக்கப்படும் விதத்தையும் இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

சட்டத்தில் இதன் இடம்

முதுமை, நோய், வேலையின்மை ஆகிய நிலைகளில் அரசின் உதவியைப் பெறும் உரிமைக்கு, தனது பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு, அரசு வழிவகை செய்ய வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 41ஆவது உறுப்பு. இது வழிகாட்டு நெறி என்பதால் இதை மட்டும் காட்டி நீதிமன்றத்தில் பணம் கோர இயலாது. ஆனால் அரசு ஒரு திட்டத்தை அறிவித்து, தகுதிகளையும் வகுத்துவிட்டால், தகுதியுள்ள ஒருவரை மட்டும் காரணமின்றி ஒதுக்குவது 14ஆவது உறுப்பு தரும் சமத்துவத்துக்கு எதிரானதாகும். அலுவலகத்தில் பேசும்போது நாம் ஊன்றி நிற்க வேண்டிய இடம் இதுவே.

பணம் எங்கிருந்து வருகிறது

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் தொடங்கியது. மத்திய அரசு 1995 ஆகஸ்டு 15இல்தான் தேசிய அளவில் இதைத் தொடங்கி, 65 வயது கடந்தோருக்கு மாதம் 75 ரூபாய் வழங்கியது. 2006இல் அது 200 ரூபாயானது. 2011இல் வயது வரம்பு 60ஆகக் குறைக்கப்பட்டது. 80 வயது கடந்தோருக்கு 500 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் மத்திய அரசின் பங்கு உயரவில்லை.

தமிழ்நாட்டில் 2023 முதல் வழங்கப்படும் தொகை 1,200 ரூபாய். 60 முதல் 79 வயது வரையுள்ள ஒருவருக்கு மத்திய அரசு தரும் 200 ரூபாயுடன் மாநில அரசு 1,000 ரூபாய் சேர்க்கிறது. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் மொத்தத் தொகை 40 ரூபாய். மத்திய அரசின் பங்கு ஏழு ரூபாய்க்கும் குறைவு. மேலும், மத்திய அரசு ஒவ்வொரு மாநிலத்துக்கும் பயனாளிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்துள்ளது. அதற்கு மேற்பட்டோரின் செலவு மாநிலத்தின் மீதே விழுகிறது. 'யாராவது இறந்து இடம் காலியானால் பார்க்கலாம்' என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்லப்படும் பதிலின் பின்னணி இதுதான்.

யார் விண்ணப்பிக்கலாம்

60 வயது நிறைந்தவராகவும், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவராகவும், வாழ்க்கைக்கு வேறு ஆதரவு இல்லாதவராகவும் இருக்க வேண்டும். சொத்தின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. 60 வயதை எட்டாத பெண்களுக்கு வேறு பிரிவுகள் உள்ளன: ஆதரவற்ற விதவையர், கணவரால் கைவிடப்பட்டோர், 50 வயது கடந்தும் திருமணமாகாத ஏழைப் பெண்கள் ஆகியோர் அவற்றின்கீழ் விண்ணப்பிக்கலாம். ஒருவருக்கு ஓர் உதவித்தொகை மட்டுமே உண்டு.

விண்ணப்பம் செல்லும் வழி

ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், வயதுச் சான்று, புகைப்படம் ஆகியவற்றுடன் இ-சேவை மையத்தில் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்ப எண் உள்ள ஒப்புகைச் சீட்டைக் கட்டாயம் வாங்கி வைக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தருவர். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் ஆணை பிறப்பிப்பார்.

எங்கே தடைபடுகிறது

முதல் தடை வயது. பள்ளிக்கே அனுப்பப்படாத ஒரு தலைமுறைக்குப் பிறப்புச் சான்று இல்லை. ஆதார் எடுக்கும்போது யாரோ தோராயமாகச் சொன்ன வயதே பதிவாகியுள்ளது. வயதுக்கான சான்றுகளைத் திரட்டி, முதலில் ஆதாரில் திருத்தம் கோருவது நல்லது.

இரண்டாவது தடை, 'மகன் இருக்கிறானே' என்ற கேள்வி. ஒரே குடும்ப அட்டையில் பெயர் இருந்தாலும் அடுப்பு தனியாக இருக்கும். மகனும் அன்றாடக் கூலியாகவே இருப்பார். இந்நிலையை எழுத்தில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கோர 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டம் வழி தருகிறது. ஆனால் தாங்களே பசியில் இருக்கும் பிள்ளைகள் மீது வழக்குத் தொடுக்கச் சொல்வது தீர்வாகாது.

மூன்றாவது தடை, சேரிக்குள் வராத விசாரணை. ஊர்த்தெருவில் நின்று செல்வாக்குள்ள ஒருவரிடம் கேட்டு எழுதப்படும் அறிக்கை, அவரது வயலுக்கு வேலைக்குப் போக மறுத்த குடும்பத்தின் விண்ணப்பத்தை எளிதில் கவிழ்த்துவிடும். விசாரணை நாளன்று இளைஞர் ஓரிருவர் முதியவருடன் இருப்பது இதற்கு நல்ல பாதுகாப்பு.

நான்காவது தடை கைரேகை. வாழ்நாள் உழைப்பில் விரல் தேய்ந்தவர்களை இயந்திரம் ஏற்பதில்லை. இத்தகையோரின் அடையாளத்தை மாற்று வழியில் உறுதி செய்ய ஏற்பாடு வேண்டும் என்பது ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் கூறியது. வங்கிக் கிளையில் இதைக் குறிப்பிட்டு மனு தரலாம்.

மறுத்தால், நிறுத்தினால்

வாய்மொழி மறுப்பை ஏற்காமல், காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். அடுத்து வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீட்டு மனு தரலாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடமும் மனு தரலாம். மனு எண்ணைப் பெறாமல் திரும்பக் கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விசாரணை அறிக்கையின் நகலைக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் கட்டணம் செலுத்தத் தேவையில்லை.

பெற்றுவந்த தொகை திடீரென நின்றால், முன்னறிவிப்பு தரப்பட்டதா என்று கேட்க வேண்டும். விளக்கம் தர வாய்ப்பளிக்காமல் ஒருவரது பயனைப் பறிப்பது இயற்கை நீதிக்கு முரணானது.

நாம் செய்ய வேண்டியது

40 ரூபாயில் ஒரு முதியவர் ஒரு நாளைக் கழிக்க முடியாது. மத்திய அரசின் பங்கை விலைவாசிக்கேற்ப உயர்த்துவதும், எண்ணிக்கை உச்சவரம்பை நீக்குவதும் அரசியல் கோரிக்கைகளாக எழ வேண்டும். அதற்கு முன்பாக, ஒவ்வொரு குடியிருப்பிலும் 60 கடந்தோர் எத்தனை பேர், பெறுவோர் எத்தனை பேர், விண்ணப்பித்துக் காத்திருப்போர் யார், மறுக்கப்பட்டோருக்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதுவதிலிருந்து மாணவர்கள் தொடங்கலாம். தனி மனுவைத் தள்ளிவிடுவது எளிது. ஒரே தெருவின் முப்பது மனுக்களை ஒன்றாக வைக்கும்போது அலுவலகம் பதில் சொல்லியே ஆக வேண்டும்.