மாண்டிசோரி அம்மையாரும் எங்கள் பள்ளிக்கூடத்து அட்டைகளும்

எங்கள் வீட்டில் இரண்டு பேரும் இரண்டு விதமாகப் படித்தோம். நான் பூம்புகார் பக்கத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. தங்கை, 'மாண்டிசோரி' என்று பெரிய போர்டு வைத்திருந்த ஒரு நர்சரிப் பள்ளி. எனக்குப் பாய், அட்டை. அவளுக்கு டை, ஷூ, பெஞ்ச், நாலு வயதிலேயே ஹோம்வொர்க்! ஃபீஸ் கட்ட அப்பா கடன் வாங்கினார்.

பி.காம். வகுப்பில் 'நற்பெயர்' பாடம் நடந்தபோது எனக்கு அந்த போர்டுதான் ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார் என்று தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

மரியா மாண்டிசோரி இத்தாலிக்காரர், 1870ல் பிறந்தவர். 1896ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பெண்கள் டாக்டராவது அங்கே அபூர்வமாக இருந்த காலம். அவர் 1907 ஜனவரி 6ம் தேதி 'குழந்தைகள் இல்லம்' தொடங்கியது பணக்காரர் தெருவில் அல்ல, சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். அப்பா அம்மா வேலைக்குப் போன பிறகு பிள்ளைகள் சுவரைக் கிறுக்கி நாசம் செய்யாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதுதான் கட்டிடக்காரர்களின் கவலை!

அம்மையார் பிள்ளைகளின் கையில் பொருட்களைக் கொடுத்துவிட்டுக் கவனித்தார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டைகளை அதனதன் குழியில் பொருத்தும் வேலையை யாரும் சொல்லாமல் நாற்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்தாளாம். தனக்கு வேண்டிய வேலையைக் குழந்தையே எடுத்துக்கொள்ளும், ஆசிரியர் குறுக்கே வராமல் இருந்தால் போதும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் பலப்பட்டது.

எழுத்துக்கு அவர் செய்தது சொரசொரப்பான உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள். குழந்தை விரலால் தடவித் தடவிப் பழகும். நமக்கு இது புதிதா என்ன? திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதித்தானே பழகினார்கள். எங்கள் ஊருக்குத் தெற்கே தரங்கம்பாடியில் 1706ல் வந்திறங்கிய சீகன்பால்கு, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் கற்றார். மணலில் எழுதுவதைப் பார்த்து ஆண்ட்ரூ பெல் சென்னை எழும்பூரில் அதையே செய்து, 1797ல் லண்டனில் புத்தகமும் போட்டார். அதற்காக அம்மையார் நம்மிடமிருந்து எடுத்தார் என்று சொல்ல வரவில்லை. அவருக்கு வழிகாட்டியவர்கள் இத்தார், செகுவின் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள். இரண்டு இடத்திலும் விரல்தான் முதலில் படித்தது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

1939 நவம்பரில் அம்மையாரே சென்னைக்கு வந்தார். வயது 69. அழைத்தவர்கள் அடையாறு பிரம்மஞான சபையின் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும். ஓலைக் குடிசைகளில் சுமார் 300 பேருக்குப் பயிற்சி. அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொல்வார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். ஆகஸ்ட் 31, அம்மையாரின் 70வது பிறந்தநாளுக்கு வைஸ்ராய் அனுப்பிய பரிசு மரியோவின் விடுதலை. தந்தியில் 'உங்கள் மகன்' என்று இருந்தது. அதுவரை ஊர் உலகத்துக்கு முன்னால் மகன் என்று சொல்லப்படாதவர் அவர்!

பிறகு கொடைக்கானல். 1942லிருந்து 1944 வரை அங்கே இருந்து, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் செடி, பூச்சி, பாறை என்று இயற்கையை வைத்துப் பாடம் அமைத்தார்கள். அவருடைய புகழ்பெற்ற புத்தகம் ஒன்று 1949ல் அடையாறிலேயே அச்சானது. 1952ல் ஹாலந்தில் காலமானார்.

பெயர் என்ன ஆனது? 1967ல் அமெரிக்காவில் ஒரு வழக்கில் மாண்டிசோரி என்பது பொதுச்சொல், தனியார் வணிகக்குறி அல்ல என்று முடிவானது. இங்கேயும் பார்க்கிறோமே, யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்கிறார்கள். உள்ளே அந்த மரக்கட்டைகள் இருக்கிறதா என்று கேட்கும் பெற்றோர் எத்தனை பேர்?

போர்டு இல்லாமல் அது வந்த இடம் வேறு. 2003ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். தொடங்கிய 'செயல்வழிக் கற்றல்' 2007ல் தமிழ்நாடு முழுக்க வந்தது. நேரடி மாதிரி ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகள். ஆனால் கணக்கு மணிகளிலும் தானே எடுத்துப் படிப்பதிலும் அம்மையாரின் சாயல் உண்டு. நான் படித்தது இதில்தான். சுவரில் ஏணிப்படம், அட்டையில் ஒரு சின்னம். அதைப் பார்த்து அடுத்த அட்டையை நானே எடுப்பேன். பிள்ளைகள் உயரத்துக்குச் சுவரின் அடிப்பகுதியில் கரும்பலகை, ஆளுக்கொரு பங்கு. டீச்சர் பாயில் எங்களோடு உட்காருவார். குறையும் இருந்தது: நாலு வகுப்பும் ஒரே அறையில் என்பதால் ஒரே சத்தம், அட்டைகள் கிழிந்தால் புதிது வர நாளாகும். ஊரில் சிலர் "அட்டையை வச்சு விளையாடுறானுங்க" என்றார்கள். அதைக் கேட்டுத்தான் தங்கையை அங்கே சேர்த்தார்கள்.

2019 ஜனவரியில் அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோதும் மாண்டிசோரி முறை என்றுதான் சொன்னார்கள்.

தங்கை இப்போது பிளஸ் டூ. போன வாரம் இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நீதாண்ணா மாண்டிசோரில படிச்சிருக்க, நான் இல்ல" என்றாள். அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம்.